லாங்சா, ஹிக்கிம், கோமிக்: சைக்கிளில் போக நினைப்பவருக்கு

கேள்வி இது: "கொல்லிமலையும் ஏலகிரியும் சைக்கிளில் ஏறியிருக்கிறேன். செப்டம்பரில் பத்து நாள் விடுப்பு கிடைக்கும். இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் உள்ள லாங்சா, ஹிக்கிம், கோமிக் கிராமங்களுக்குத் தனியாகச் சைக்கிளில் போய்வர முடியுமா? எங்கே தங்குவது, என்ன கொண்டுபோவது?"

முடியும். பத்து நாளில் முடியாது. பதினைந்து, பதினாறு நாள் கிடைக்கும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிய கால்களுக்கு லாங்சா ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை. ஸ்பிதியின் தலைமை ஊரான காஜாவிலிருந்து லாங்சா சுமார் 15 கிலோமீட்டர். அதற்குள் ஏறவேண்டிய உயரம் ஏறக்குறைய 750 மீட்டர். சராசரிச் சரிவு நூற்றுக்கு ஐந்துதான். ஆனால் நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர். காஜா சுமார் 3,650 மீட்டரில் இருக்கிறது, லாங்சா 4,400 மீட்டரில். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் உங்களுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் அறுபது விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. சென்னையில் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் இதற்கு ஈடாகாது. உடல் அங்கே போய், அங்கேயே தூங்கி, அங்கேயேதான் பழகவேண்டும்.

இந்த இடத்தில்தான் சைக்கிள் உங்களுக்குச் சாதகமாக வேலை செய்கிறது. மெதுவாகப் போகும் வாகனம் என்பதால் உடல் பழகுவதற்கான நாட்கள் தானாகவே கிடைத்துவிடுகின்றன. அந்த நன்மையைக் கெடுத்துக்கொள்ள எளிய வழி, மணாலியிலிருந்து வண்டி பிடித்து ஒரே நாளில் காஜாவில் இறங்குவது. மணாலி சுமார் 2,000 மீட்டர். வழியில் உள்ள குன்ஜும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். சைக்கிளிலேயே அந்தப் பக்கம் வந்தாலும் மூன்றாவது நாள் நீங்கள் நாலாயிரம் மீட்டரை ஒட்டிய பாத்தல் என்ற இடத்தில் படுத்திருப்பீர்கள். அங்கே தலைவலி வந்தால் முன்னே கணவாய், பின்னே கற்களும் ஓடைகளுமான மோசமான பாதை. முதல் தடவை போகிறவர் அந்தப் பக்கத்தை ஊர் திரும்புவதற்கு வைத்துக்கொள்வதே நல்லது.

சிம்லா பக்கமாகப் போங்கள். சிம்லாவிலிருந்து காஜா நானூறு கிலோமீட்டருக்கு மேல். முழுவதையும் மிதிப்பதற்கு விடுப்பு போதாது என்றால் ரெக்காங் பியோ வரை அரசுப் பேருந்தில் போகலாம். சைக்கிளைக் கூரைமேல் ஏற்றிக்கொள்வார்கள். ஏற்றும்போது நீங்களும் மேலே ஏறி, பல்சக்கரங்கள் இருக்கும் பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி படுக்கவைத்து, உங்கள் கயிற்றால் நீங்களே கட்டுங்கள். உருளைக்கிழங்கு மூட்டை ஒன்று அதன்மேல் விழுந்தால் கியர் மாற்றும் பகுதி வளைந்துபோகும்.

பியோவுக்கு மேலே கல்பா, 2,960 மீட்டர். இரண்டு இரவு அங்கே தங்குங்கள். எதிரே கின்னர் கைலாசம் என்ற மலை நிற்பதால் சும்மா இருப்பது கஷ்டமாக இராது. பிறகு சட்லஜ் நதியோடு பூஹ் வரை ஒரு நாள். மறுநாள் காப் என்ற இடத்தில் ஸ்பிதி நதி சட்லஜில் கலப்பதைப் பார்ப்பீர்கள். பாலம் தாண்டியதும் பாதை நதியை விட்டு விலகி மலைமேல் சுழன்று ஏறுகிறது. நாக்கோ வரை கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம், நிழல் என்பதே கிடையாது. முழுப் பயணத்திலும் கடினமான நாள் இதுதான். லாங்சா ஏறும் நாள்கூட இவ்வளவு வதைக்காது. விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள். நாக்கோ 3,660 மீட்டர். இரவில் தலை கனத்தால் பதற வேண்டாம்: அடுத்த நாள் போகும் தாபோ 3,280 மீட்டர்தான். ஏறி, இறங்கித் தூங்கு என்று மருத்துவர்கள் சொல்வதை இந்தப் பாதை தானாகவே செய்துகொடுக்கிறது. தாபோவின் பௌத்த மடம் பொது ஆண்டு 996-இல் நிறுவப்பட்டது. வெளியே பார்த்தால் மண் குவியல். உள்ளே ஆயிரம் ஆண்டு ஓவியங்களும் சுதைச் சிற்பங்களும். அரை நாளாவது கொடுங்கள். அங்கிருந்து காஜா 50 கிலோமீட்டருக்குள்தான், பெரிய ஏற்றமும் இல்லை.

கல்பா, பூஹ், நாக்கோ எல்லாம் இருக்கும் கின்னௌர் மாவட்டத்தில் மலை சரியும் என்பதை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரி அருகே சரிந்த மலை ஓர் அரசுப் பேருந்தையே மூடிவிட்டது. ஸ்பிதி மழை மறைவுப் பகுதி, அங்கே பருவமழை எட்டிப்பார்ப்பது அரிது. ஆனால் அதற்குப் போகும் வழியான கின்னௌரில் ஜூலை, ஆகஸ்ட் மழை மலையை ஊறவைத்துவிடும். நீங்கள் செப்டம்பரைத் தேர்ந்தது சரி. நடு செப்டம்பர் இன்னும் சரி. மேலே கற்கள் உருளும் சத்தம் கேட்கும் இடங்களில் நின்று படம் எடுக்காதீர்கள். செப்டம்பர் ஆப்பிள் பறிக்கும் காலமும்கூட. லாரிகள் நிறைய வரும். குறுகலான வளைவில் எதிரே லாரி தெரிந்தால் மலையை ஒட்டிய பக்கமாக ஒதுங்கி இறங்கி நில்லுங்கள், பள்ளத்தின் பக்கம் வேண்டாம்.

காஜாவில் இரண்டு மூன்று இரவு தேவை. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்கவேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. நாக்கோ அந்த 500-ஐ மீறினாலும் மறுநாளே இறங்கிவிடுகிறீர்கள். லாங்சாவும் அதை மீறுகிறது. அதனால் நடுவில் ஒரு நாள் பைகளை அறையில் வைத்துவிட்டு, வெறும் சைக்கிளோடு கீ மடத்துக்கும் அதற்கு மேலே 4,200 மீட்டரில் உள்ள கிப்பருக்கும் போய்த் திரும்புங்கள். கால் தாங்கினால் கிப்பருக்கு அப்பால் சிச்சம் பாலம் வரை போகலாம். 2017-இல் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை சிச்சம்காரர்கள் அந்தப் பெரும்பிளவைக் கம்பியில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து, கையால் கயிற்றை இழுத்து இழுத்துத்தான் கடந்தார்கள். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால் அதன் பொருள் விளங்கும்.

உயர நோயைப் பற்றிச் சுருக்கமாக: லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கலைதல் ஆகியவை பலருக்கும் வரும். அன்று மேலே ஏறாதீர்கள், அவ்வளவுதான். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்க்கோட்டில் குதிகாலை ஒட்டி விரல் வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ அது வேறு கணக்கு. விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே கீழே இறங்கவேண்டும், சைக்கிளை விட்டுவிட்டு வண்டியில். அசெட்டசோலமைடு மாத்திரை பழகுவதை விரைவாக்கும். ஆனால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். தனியாகப் போகிறீர்கள் என்பதால், தங்கும் ஒவ்வொரு வீட்டிலும் அடுத்த நாள் எந்த ஊர் போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தொலைபேசித் தொடர்பு காஜாவில் பரவாயில்லை, மேலே போனால் நம்ப முடியாது.

இனி மேல்கிராமங்கள். பெரும்பாலானவர்கள் இந்த மூன்று ஊர்களையும் அரை நாளில் வாடகை வண்டியில் பார்த்துவிட்டுப் போகிறார்கள். லாங்சாவில் புத்தர் சிலை, ஹிக்கிமில் தபால் அட்டை, கோமிக்கில் பெயர்ப்பலகை, ஊருக்குப் பதினைந்து நிமிடம். அந்தப் பட்டியலைச் சைக்கிளில் செய்வதற்காக இவ்வளவு மிதிப்பது வீண். லாங்சாவில் இரண்டு இரவு தங்குங்கள் என்பேன். பகல் பதினொன்று முதல் மூன்று வரை வண்டிகள் வந்துபோகும். அதற்கு முன்னும் பின்னும்தான் ஊர் ஊராக இருக்கிறது: ஆடுமாடுகளை ஓட்டிப்போவதும், வாய்க்காலைத் திருப்பிவிடுவதும், மாலையில் கூரைமேல் தீவனப்புல் அடுக்குவதும் அப்போதுதான் நடக்கும்.

செப்டம்பரில் பார்லி அறுவடை நடக்கும். பச்சைப் பட்டாணி அதற்கு முன்பே பெரும்பாலும் பறித்து முடிந்திருக்கும். பட்டாணிதான் இன்று இவர்கள் கையில் பணம் தரும் பயிர். சமவெளியில் பட்டாணி விளையாத மாதங்களில் இங்கே விளைவதால் நல்ல விலை போகிறது. ஆண்டுக்கு ஒரே போகம், அதுவும் பனி உருகிய நீரை நம்பி. முந்தைய குளிர்காலத்தில் பனி குறைந்தால் வாய்க்காலில் நீர் வராது, பட்டாணியும் வராது. அந்தக் காலத்தில் நிலமும் நீரில் பங்கும் மூத்த மகனுக்கே போயின. இளையவர்கள் மடத்தில் சேர்ந்தார்கள், பெற்றோர் சிறிய வீட்டுக்கு மாறிக்கொண்டார்கள். குரூரமாகத் தோன்றலாம். ஆனால் நிலம் துண்டாகாமலும், இருக்கிற தண்ணீருக்கு மேல் குடும்பங்கள் பெருகாமலும் அந்த ஏற்பாடு நூற்றாண்டுகளாகக் காத்தது. காவிரிப் பாசன ஊர்களில் வாய்க்கால் முறை வைத்துச் சண்டை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

இதனால்தான் தண்ணீர் விஷயத்தில் நீங்கள் கணக்காக இருக்கவேண்டும். குளிக்க வெந்நீர் கேட்காதீர்கள். குளியலைக் காஜாவோடு முடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் அந்தக் குளிரில் போதும். கழிப்பறை நம்மவர்களைத் திகைக்க வைக்கும் ஒன்று. மேல்தளத்தில் மண் பரப்பிய சிறிய அறை, தரையில் ஒரு துளை. கீழே விழுவது மண்ணோடும் சாம்பலோடும் கலந்து மக்கி, பின்னர் வயலுக்கு எருவாகப் போகிறது. வேலை முடிந்ததும் அங்கே இருக்கும் மண்ணை ஒரு வாரி தள்ளிவிடவேண்டும். வாளி நிறையத் தண்ணீர் ஊற்றுவது அவர்களுடைய எருவைக் கெடுக்கும் செயல். காகிதம் பழக்கமில்லை என்றால் ஒரு சின்னக் குவளை நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரத் துடைப்பான், நாப்கின் எதையும் உள்ளே போடக்கூடாது. பையில் கட்டிக் காஜாவுக்கே கொண்டுவாருங்கள்.

தங்குவதற்குக் கூடாரம் வேண்டாம். மூன்று ஊர்களிலும் வீடுகளிலேயே அறை தருகிறார்கள். இரவு உணவும் காலை உணவும் சேர்த்து ஆளுக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பேரம் பேசாதீர்கள். அரிசி, கோதுமை மாவு, எரிவாயு உருளை, சர்க்கரை எல்லாம் காஜாவிலிருந்து ஏறி வருபவை. அறுவடைக் காலத்தில் பகலில் போனால் வீட்டில் ஆளே இருக்க மாட்டார்கள். திண்ணைபோல் ஏதாவது இருந்தால் உட்கார்ந்து காத்திருங்கள். சந்தித்ததும் "ஜூலே" என்று சொன்னால் போதும், வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாவற்றுக்கும் அதுவே. வீட்டின் உயிர் இருக்குமிடம் சமையலறை. நடுவில் தகர அடுப்பு, வறட்டியும் சுள்ளியும் எரியும். அடுப்புக்கு அருகில் உள்ள இருக்கை பெரியவர்களுக்கு உரியது. உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருங்கள். அடுப்பில் மிட்டாய்த் தாள், எலும்பு போன்றவற்றைப் போடுவதை அசுத்தமாகக் கருதுவார்கள். கூரைமேல் அழகாக அடுக்கியிருக்கும் விறகு, பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரியையும் தாண்டி இறங்கும் குளிர்காலத்துக்கானது. அதைக் காட்டி "நெருப்பு மூட்டலாமா" என்று கேட்கும் சுற்றுலாப் பயணிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. பருப்பு சோறு எங்கும் கிடைக்கும். துக்பா என்ற நூடுல்ஸ் கஞ்சி சைக்கிள்காரனுக்கு என்றே செய்ததுபோல் இருக்கும். பார்லியை வறுத்து அரைத்த மாவுக்குச் சம்பா என்று பெயர். நம் சத்துமாவைத் தின்று பழகியவர்களுக்கு உடனே பிடித்துவிடும். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரை மட்டும் தேநீர் என்று நினைத்துக் குடிக்காதீர்கள், ரசம் என்று நினைத்துக் குடியுங்கள். குவளை காலியானால் மறுபடி நிரப்புவார்கள். வேண்டாம் என்றால் நிறைத்தபடியே வைத்துவிட்டுக் கிளம்பும்போது குடித்து முடிக்கலாம்.

இரண்டாம் பகலில் லாங்சாவைச் சுற்றி நடங்கள். ஊருக்குப் பின்னால் வெண்மையாக நிற்பது சௌ சௌ காங் நில்டா, 6,303 மீட்டர். ஊரை ஒட்டிய ஓடைப் படுகைகளில் சுருள் வடிவக் கற்கள் கிடக்கும். அவை அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரின் எச்சங்கள். பூஜையில் வைக்கும் சாளக்கிராமத்தில் இருக்கும் சுருளும் இதே இனந்தான். இந்திய நிலப்பரப்பு ஆசியாவில் மோதி இமயமலை எழுவதற்கு முன் இங்கே டெத்திஸ் கடல் இருந்தது. பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே வையுங்கள். குழந்தைகள் விற்க வருவார்கள். வாங்காதீர்கள், வாங்குகிறவர் இருக்கும்வரை மலையைத் தோண்டுவது நிற்காது.

மூன்றாம் நாள் லாங்சாவிலிருந்து மேட்டுநிலத்தின் வழியாகவே ஹிக்கிமுக்கும் கோமிக்குக்கும் போய், அங்கிருந்து காஜாவுக்கு இறங்கலாம். ஹிக்கிம் தபால் நிலையம் 1983-இல் தொடங்கப்பட்டது, சுமார் 4,400 மீட்டர், அஞ்சல் குறியீடு 172114. வீட்டுக்கு ஓர் அட்டை போடுங்கள். நீங்கள் ஊர் திரும்பிப் பல நாள் கழித்து வந்து சேரலாம். கோமிக் இன்னும் உயரம், 4,500 மீட்டரைத் தாண்டியது. உலகிலேயே மோட்டார்ப் பாதை உள்ள மிக உயரமான கிராமம் என்று பலகை சொல்கிறது. பெருவில் லா ரின்கொனாடா என்ற ஊர் 5,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கும் வண்டி போகிறது. ஆகவே பலகையை நம்பவேண்டியதில்லை. கோமிக்கில் பார்க்கவேண்டியது திபெத்திய பௌத்தத்தின் சாக்கிய பிரிவைச் சேர்ந்த தங்யுத் மடம். மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிக்கற்சுவரோ ஸ்தூபியோ வழியில் வந்தால் அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடந்துபோங்கள், சைக்கிளில் போனாலும் அப்படித்தான்.

ஊர் நாய்கள் பகலில் சோம்பேறிகள், அந்தி சாய்ந்தால் வேறு பிறவிகள். துரத்தினால் மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அந்த உயரத்தில் உங்களால் முடியாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள்.

சைக்கிளைப் பொறுத்தவரை விலையுயர்ந்தது தேவையில்லை, எளிய கியர் தேவை. மிதிகட்டையோடு சுழலும் முன் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைவிடப் பின் சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தில் பல் கூடுதலாக இருக்கவேண்டும்; முன்னே 26, பின்னே 36 என்றால் நிம்மதி. டயர் இரண்டு அங்குலம். லாங்சா ஏற்றத்தில் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு மணி நேரம் ஆகட்டும். ஒரு சொற்றொடரை மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவுக்கு மேல் மிதிக்காதீர்கள். இரண்டு ட்யூப், ஒட்டுப்போடும் சாமான், செயின் இணைப்பு, பிரேக் கட்டை இரண்டு ஜோடி, பின் கியர் மாற்றும் பகுதி தொங்கும் கொக்கி ஆகியவற்றைச் சென்னையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கொக்கி ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம், காஜாவில் உங்களுடையது கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. பிரேக் கட்டையில் கஞ்சத்தனம் கூடாது. கோமிக்கிலிருந்து காஜாவுக்கு ஒரே இறக்கத்தில் 900 மீட்டருக்கு மேல். தடுப்புச் சுவர் இல்லாத வளைவுகளில் சரளை பரவியிருக்கும், அங்கே முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு உருளவிடுங்கள்.

துணியில் ஒரு கனத்த ஜாக்கெட், காற்றைத் தடுக்கும் மேலுறை, முழுக் கையுறை, காது மூடும் குல்லா. செப்டம்பர் இரவுகளில் உறைநிலை சாதாரணம். வெயில் கண்ணாடியும் உதட்டுக் களிம்பும் ஆடம்பரம் அல்ல. குடிநீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டி இருந்தால் ஞெகிழிப் புட்டிகள் வாங்கவே வேண்டாம். ரொக்கம் போதுமான அளவு கையில் இருக்கட்டும். ஏடிஎம் காஜாவில் உண்டு, அதில் பணம் எப்போதும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை, வெளிநாட்டு நண்பர் கூட வந்தால் அவருக்கு மட்டும் பியோ–காஜா இடையே எல்லைப்பகுதி அனுமதி வேண்டும்.

திரும்புவதற்குக் காஜாவிலிருந்து காலையில் மணாலிக்கும் பியோவுக்கும் அரசுப் பேருந்துகள் கிளம்புகின்றன. குன்ஜும் பாதை அக்டோபரில் எந்த நாளும் பனியால் மூடிக்கொள்ளலாம். ஆகவே மணாலி வழியாக வருவதாக இருந்தால் செப்டம்பர் முடிவதற்குள் கிளம்பிவிடுங்கள். முந்தின நாள் மாலையே பேருந்து நிலையத்துக்குப் போய் நேரத்தைக் கேட்டு, சைக்கிள் ஏற்றவேண்டும் என்பதையும் நடத்துநரிடம் சொல்லிவையுங்கள்.